ரோட்டரி லேசர் வந்துவிட்டது, டியூப் லெவலைத் தூக்கிப் போடலாமா?

2025 மே 11 – ரங்கூனுக்குப் பக்கத்துத் தன்லினிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணே, 40க்கு 60 மனையில் ஒரு மாடி வீடு கட்டும் வேலை எடுத்திருக்கிறேன். மாமா ஒரு ரோட்டரி லேசர் வாங்கிக் கொடுத்திருக்கிறார், தலை சுற்றிச் சுற்றி நாலு பக்கமும் ஒளியால் மட்டக்கோடு காட்டும் மெஷின். முக்காலியில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் என்று கடையில் சொன்னார்களாம். அப்படியானால் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் குழாய் இனி எதற்கு? இன்னொன்று, அந்தச் சிவப்பு ஒளி பட்டால் கண் போய்விடும் என்று எங்கள் பன்யான் சயா (கொத்தனார்) பக்கத்திலேயே வர மாட்டேன் என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

மே 11, இரவு

டியூப் லெவல் இருக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம், மூலை திரும்பி மட்டம் கொண்டுபோக இன்றைக்கும் அதுதான் லேசு. குழாயில் காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். லேசர் சொல்வது சரியா என்று கேட்கவும் அது பக்கத்தில் இருக்க வேண்டும்.

தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. பெரும்பாலான மெஷின்கள் சுமார் 5 டிகிரிச் சாய்வு வரைதான் தானாகச் சரிசெய்யும். அதற்கு மேல் சாய்ந்திருந்தால் மெஷினின் தலை சுற்றாது, விளக்கு சிமிட்டும். அந்த 5 டிகிரிக்குள் வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் உணரி எதை மட்டம் என்று எடுத்துக்கொள்கிறதோ அங்கே கொண்டுவந்து நிறுத்தும். அந்த உணரியே இடம் மாறியிருந்தால்? பஸ்ஸில் வந்த பெட்டி வழியில் ஒரு தரம் விழுந்திருந்தால்? மெஷின் எந்தச் சத்தமும் போடாது, எப்போதும்போல் சுற்றும். கோடு மட்டும் சாய்ந்திருக்கும். அந்தக் கோட்டை நம்பிக் கான்கிரீட் ஊற்றினால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் புதுச் சாமானாக இருந்தாலும் முதல் வேலை சோதனை.

100 அடி தள்ளி ஒரு சுவர் இருக்கும் இடமாகப் பார். மெஷினில் எக்ஸ், ஒய் என்று இரண்டு அச்சுகள் குறித்திருக்கும். எக்ஸின் ஒரு முனை சுவரைப் பார்க்கும்படி வைத்து, மட்டம் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஒளி விழும் இடத்தில் பென்சில் கோடு போடு. பிறகு முக்காலியின் கால்களைத் தொடாமல் மெஷினை மட்டும் அரைவட்டம் திருப்பு. மறுபடி மட்டம் பிடித்ததும் இரண்டாவது கோடு. ஒய் அச்சுக்கும் இதேபோல் இரண்டு. ஆக நான்கு கோடுகள்.

நல்ல மெஷினுக்கு 30 மீட்டரில் 1.5 மில்லிமீட்டர் கூடலாம் அல்லது குறையலாம் என்று போட்டிருப்பார்கள். நம் கணக்கில் 100 அடிக்கு அரை நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல்). திருப்பி வைக்கும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும், எனவே எதிரெதிர் கோடுகளுக்கு நடுவில் ஒரு நூல் வரை இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சர்வீஸுக்குக் கொடு. நாமே திருகி ஒழுங்குபடுத்த வசதியுள்ள மெஷின்களும் உண்டு. கையேட்டைப் படிக்காமல் அதில் கைவைக்காதே.

மே 12

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, ரங்கூனுக்குள் 100 அடிச் சுவருக்கு எங்கே போவது என்று தாம்வேயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சரிதான், பன்னிரண்டரைக்கு ஐம்பது அடி ஃபிளாட்டில் இருப்பவருக்கு அது கஷ்டம். 50 அடியில் செய்யுங்கள், எல்லை அரை நூல் ஆகிவிடும். அவ்வளவு மெல்லிய வித்தியாசத்தை வெறும் கண்ணால் பார்க்காமல் ஒளியைப் பிடித்துச் சத்தம் போடும் டிடெக்டரை நுண் அளவில் வைத்துப் பாருங்கள். ஒளிப் புள்ளியின் அகலமே அரை நூலுக்கு மேல் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட நடை, கோயில் மண்டபம் கிடைத்தால் இன்னும் நல்லது. நீளமும் நிழலும் இருக்கும், காற்று இருக்காது.

மே 14

இப்போது நிறுத்தி வைக்கும் முறை. தன்லின் பக்கத்து மண்ணை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முக்காலியின் கால்களை நன்றாக அகட்டி, ஒவ்வொரு நுனியையும் காலால் மிதித்து இறுக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டால் களிமண் இளகி, காலையில் இறுகி நின்ற கால் மத்தியானத்துக்குள் மெல்ல இறங்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு செங்கல்லையோ பலகைத் துண்டையோ பதித்துக்கொள். வழவழப்பான தளமாக இருந்தால் கால்கள் விரிந்து சரியாமல் சங்கிலியோ கயிறோ கட்டு. மூங்கில் சாரத்தின் மேல் ஒருபோதும் வைக்காதே. ஆள் ஏறினால் சாரம் ஆடும். ஜெனரேட்டருக்கும் மிக்ஸருக்கும் பக்கத்திலும் வேண்டாம்.

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே வேலைக்கு விடாதே. ஏசி அறையிலிருந்து வந்தாலும், வெயிலில் நின்ற வண்டியிலிருந்து வந்தாலும், கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் இருக்கட்டும். சூடும் குளிரும் உணரியை இழுக்கும்.

உயர எச்சரிக்கை என்று ஒரு பொத்தான் பெரும்பாலான மெஷின்களில் இருக்கும். யாராவது காலில் இடித்துவிட்டால் தலை நின்று சத்தம் போடும். அதை எப்போதும் போட்டு வை. அது இல்லாவிட்டால், இடிபட்ட மெஷின் தானே மறுபடி மட்டம் பிடித்துக்கொண்டு, முன்பைவிட அரை அங்குலம் கீழே நின்று சுற்றும். நாம் பார்க்கையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். அந்த எச்சரிக்கை, மட்டம் பிடித்துச் சிறிது நேரம் கழித்துத்தான் வேலைசெய்யத் தொடங்கும் என்பதையும் நினைவில் வை.

இன்னொன்று: கால் மெல்ல மெல்ல இறங்கினால் எச்சரிக்கை அடிக்காமலே போகலாம். ஒவ்வொரு சின்னச் சாய்வையும் மெஷின் தானே சரிசெய்துகொண்டே போகும், உயரம் மட்டும் குறையும். இதற்கு ஒரே வழி, வேலை தொடங்கும்போது அளந்த நிலைப்புள்ளியை (உயரம் மாறாத ஒரு குறியை) நடுவில் ஒரு தரமும் முடிவில் ஒரு தரமும் மறுபடி அளப்பது. முதல் அளவும் கடைசி அளவும் ஒன்றாக இருந்தால்தான் நடுவில் எடுத்தவை செல்லும். வேறாக இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப எடு. எல்லாரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இதைத்தான் விடுகிறார்கள்.

மே 15

பன்யான் சயாவின் பயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முழுக்க ஒதுங்கி நிற்கும் அளவுக்கு வேண்டியதில்லை.

மெஷின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார். வகுப்பு 2 என்றால் ஒளியின் சக்தி 1 மில்லிவாட்டுக்குள். தவறிக் கண்ணில் பட்டால் கால் வினாடிக்குள் இமை தானாக மூடிக்கொள்ளும் என்ற கணக்கில் வைத்த எல்லை அது. அதனால் யாரும் வேண்டுமென்று உற்றுப் பார்க்கக் கூடாது. பந்தயம் கட்டிப் பார்க்கிற பையன்களை அங்கேயே கண்டித்துவிடு. 3ஆர் என்று போட்டிருந்தால் 5 மில்லிவாட் வரை போகும். அங்கே இமையை நம்ப முடியாது, ஒளி கண்ணுக்கு நேராக வரவே கூடாது.

தலை நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றும்போது ஒளி நம்மைத் தொட்டுவிட்டு நொடியில் போய்விடும். தலையை நிறுத்தி ஒரே புள்ளியாகக் காட்டும் முறைதான் அதிக ஆபத்து. சுவரில் ஆணி அடிக்கும் இடம் பார்க்க அதைப் போடுவார்கள், வேலை முடிந்ததும் நிறுத்த மறந்துவிடுவார்கள்.

வேலையிடத்தில் டம்பி லெவலும் (குழாய்க் கண்ணாடி வழியே பார்த்து மட்டம் எடுக்கும் கருவி) ஓடுகிறதா? அப்படியானால் மிகவும் கவனம். அந்தக் குழாய்க் கண்ணாடி வழியே, அல்லது பைனாகுலர் வழியே லேசரைப் பார்த்தால் ஒளி திரண்டு கண்ணுக்குள் இறங்கும். வகுப்பு 2 என்றிருந்தாலும் அப்படிப் பார்க்கக் கூடாது. ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றை எடுப்பதுதான் வழி.

ஒளியின் உயரத்தை நின்றவர் தலைக்கு மேல் வை, இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே. நம் ஊரில் வேலையாட்களின் குடும்பமே வேலையிடத்தில் தங்குகிறது. முழங்கால் உயரம் என்றால் அது தவழும் பிள்ளையின் கண் உயரம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தலைக்கு மேல் என்பதையே நான் பிடித்துக்கொள்வேன். கண்ணாடிக் கதவு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்ணீர்த் தொட்டி, பாலிஷ் போட்ட டைல் இவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒளிதான். ஒரு கோணியைப் போட்டு மூடிவிடு.

மே 15, மறுபடி

பெட்டியோடு வரும் சிவப்புக் கண்ணாடியைப் போட்டால் கண்ணுக்குப் பாதுகாப்பா என்று கேட்கிறார்கள். இல்லை. கோடு தெளிவாகத் தெரியத்தான் அது. அதைப் போட்டுக்கொண்டு ஒளியைப் பார்க்கக் கூடாது.

மே 22

தம்பி ஸ்டாஃபின் (நிறுத்திப் பிடிக்கும் நீள அளவுகோல்) படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். நல்லவேளை அனுப்பினார். அது அடியைப் பத்துப் பாகமாகப் பிரித்த ஸ்டாஃப். நாம் இங்கே இன்றைக்கும் அடி, அங்குலத்தில்தான் வேலை செய்கிறோம், டேப்பும் அங்குலம், வரைபடமும் அங்குலம். ஸ்டாஃபில் 4.6 என்று இருந்தால் அதை 4 அடி 6 அங்குலம் என்று வாசிக்கிறவர்கள் நிறைய. 0.6 அடி என்பது 7.2 அங்குலம். ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தப்பு விழுந்துவிடும். பிளிந்த் பீமில் (தரைமட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் பீம்) அவ்வளவு போனால் கதவு நிலையிலிருந்து படிக்கட்டு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான்.

டிடெக்டர் மில்லிமீட்டரில் காட்டும், ஸ்டாஃப் பத்தில் ஒன்று காட்டும், மேஸ்திரி அங்குலத்தில் கேட்பார். மூன்றையும் வாயால் மாற்றிக்கொண்டு நிற்காமல், அன்றைய வேலை முழுக்க எந்த அளவு என்று காலையிலேயே முடிவுசெய்து நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் எழுது.

கணக்கு எளிது. வடிகால் மூடியின் ஒரு மூலைக்கு 100.00 அடி என்று நீயே பெயர் வை. அதுதான் நிலைப்புள்ளி. அங்கே ஸ்டாஃப் 4.25 காட்டினால் ஒளியின் உயரம் 104.25. பிளிந்த் மேல்மட்டம் 102.00 வேண்டுமென்றால் ஸ்டாஃபில் 2.25 வர வேண்டும். கடைக்கால் அடி 96.00 என்றால் 8.25. மெஷினை இடம் மாற்றினால் ஒளியின் உயரம் புதிது. நிலைப்புள்ளியில் மறுபடி ஸ்டாஃபை நிறுத்தாமல் அடுத்த அளவு எடுக்காதே. நிலைப்புள்ளியாக மரத்தின் வேரையோ, நேற்று ஊற்றிய கான்கிரீட்டையோ, லாரி ஏறிப் போகும் கல்லையோ வைக்கக் கூடாது.

மே 29

பெகுவிலிருந்து எழுதிய ஐயா ஒருவர், அளக்கும் இரண்டு புள்ளிகளுக்கும் சரிநடுவில் மெஷினை வைத்தால் பிழை தானே வெட்டிக்கொள்ளும், இந்தச் சுவர்ச் சோதனையெல்லாம் வேண்டியதில்லை என்கிறார். டம்பி லெவலோடு வளர்ந்தவர்களின் அனுபவம் அது, அந்தக் கருவியில் அது முழு உண்மை. அங்கே பார்வைக் கோடு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு மேலே அல்லது கீழே சாயும். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே பிழை, கழித்தால் போய்விடும்.

ரோட்டரி லேசரில் ஒளிவட்டம் முழுவதுமே ஒரு தட்டுபோல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் வைத்தால் கிழக்கே ஏறும், மேற்கே இறங்கும். கழித்தால் பிழை போகாது. நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதே வித்தியாசம்தான் விழும்.

ஐயா சொன்னதை இங்கேயும் தள்ளிவிட முடியாது என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றியது. லேசரில் வேறொரு பிழை உண்டு. ஒளி தட்டையாக இல்லாமல் குடைபோல எல்லாப் பக்கமும் சற்றுக் கவிழ்ந்தோ நிமிர்ந்தோ போவது. நடுவில் வைத்தால் அது வெட்டிக்கொள்ளும். இப்படி ஒன்று இருப்பதை நான் மே 11இல் சொன்ன நான்கு கோடும் காட்டாது, ஏனென்றால் நான்கிலும் அது ஒரே அளவாக விழும். அதற்கு 100 அடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் வேண்டும். நடுவில் வைத்து இரண்டு சுவரிலும் கோடு போட்டு, பிறகு மெஷினை ஒரு சுவருக்குப் பக்கமாகக் கொண்டுபோய்ப் புதிதாக இரண்டு கோடு. பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு சுவரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மெஷினின் அதே முனை அதே சுவரைப் பார்க்கும்படி வைத்தால் சாய்வுப் பிழை குறுக்கே வராது.

அதனால் இரண்டையும் சேர்த்து: நடுவில் வை, முக்கியமான அளவை ஒரு தரம் எடுத்துவிட்டு மெஷினை அரைவட்டம் திருப்பி இன்னொரு தரம் எடு, இரண்டுக்கும் சராசரி பார். பிளிந்த், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), ரூஃப் ஆகியவற்றின் மட்டத்துக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதும்.

ஜூன் 9

மழை பிடித்துவிட்டது. ஈர மெஷினைப் பெட்டியில் வைத்து மூடாதீர்கள், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு வையுங்கள். நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனை அரித்துவிடும். கரண்ட் வருவதே நிச்சயமில்லாத இடத்துக்குச் சார்ஜ் பேட்டரி மட்டும் உள்ள மெஷினைவிட, கடையில் கிடைக்கும் பெரிய பேட்டரியிலும் ஓடுவது நல்லது. தூக்கி நடக்கும்போது அணைத்துவிட்டே நடக்க வேண்டும்.

ஜூன் 20

மாண்டலேயிலிருந்து ஒரு தங்கச்சியின் கேள்வி. மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டின் ஒரு பக்கம் இறங்கியதுபோல் தெரிகிறதாம், ரோட்டரி லேசரால் கண்டுபிடிக்க முடியுமா என்கிறார். 7.7 அளவுக்கு ஆட்டிய பூமி. ரங்கூனில் இருந்த எங்களுக்கே நாற்காலி ஆடியது. அங்கே என்ன பட்டிருப்பீர்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

முதலில் இது: சுவரில் கோணலாகப் பெரிய விரிசல், தூண் உடைந்து கம்பி வெளியே தெரிவது, கதவு நிலை நெளிந்து பூட்டாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே போய் அளக்காதீர்கள். லேசர் வீடு பத்திரமா என்று சொல்லாது. அதைக் கட்டட இன்ஜினியர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே போகலாம் என்று அவர் சொன்ன பிறகு, மெஷின் வேறொரு விதத்தில் உதவும். தரையில் இன்றைக்குத் தெரியும் ஏற்றத்தாழ்வு எல்லாம் நிலநடுக்கம் செய்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டும்போதே அரை அங்குலம் ஏறி இறங்கிய தளங்கள் நம் ஊரில் ஏராளம், டைல் போட்டவர் கலவையால் மறைத்திருப்பார். அதனால் தரையோடு, ஜன்னல் அடிக்கட்டை, செங்கல் வரிசை, பீமின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். நாலும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக இறங்கியிருந்தால் வீடு இறங்கியிருக்கிறது. தரை மட்டும் இறங்கி மற்றவை நேராக இருந்தால் அது பழைய வேலையாக இருக்கலாம்.

தூண்களில் ஆணியால் கீறி, ஒவ்வொன்றின் அளவையும் தேதியோடு எழுதி வையுங்கள். சில வாரம் கழித்து மறுபடி அளந்தால், இறக்கம் நின்றுவிட்டதா இன்னும் நடக்கிறதா என்று தெரியும். இன்ஜினியருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த நோட்டுதான். நிலைப்புள்ளி வீட்டின் மேல் இருக்கக் கூடாது, வீட்டோடு சேர்ந்து அதுவும் இறங்கும். தள்ளி இருக்கும் உறுதியான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூலை 3

வெளியே வெயிலில் கோடு தெரியவில்லை, மெஷின் கெட்டுவிட்டதா? கெடவில்லை. வெயிலில் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. வீட்டுக்குள் பச்சை நம் கண்ணுக்கு அதிகப் பிரகாசம், அவ்வளவுதான். வெளியில் டிடெக்டரை ஸ்டாஃபில் மாட்டித்தான் வேலை. சிவப்புக்கு என்று செய்த டிடெக்டர் பச்சையைப் பிடிக்காமல் போகலாம், சேர்த்து வாங்குங்கள். டிடெக்டர் விட்டுவிட்டுச் சத்தம் போட்டால் ஒளி மேலேயா கீழேயா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொடர்ந்து ஒரே சத்தம் வந்தால் ஒளி சரியான இடத்தில் இருக்கிறது.

பக்கத்து மனையில் இன்னொரு லேசர் ஓடினால் உங்கள் டிடெக்டர் அதையும் பிடிக்கும். பக்கத்து ஆட்களோடு பேசி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 14

குளியலறை வாட்டத்துக்கு மெஷினைச் சாய்த்து வைக்கலாமா என்று தம்பி கேட்கிறார். சாய்வு முறை இருக்கிறது. ஆனால் பல மெஷின்களில் அதைப் போட்டால் தானாக மட்டம் பிடிப்பது அணைந்துவிடும், இடித்தாலும் எச்சரிக்கை வராது. சின்ன அறைக்கு அது வேண்டாம். மெஷினை மட்டமாகவே விட்டு, ஸ்டாஃப் அளவில் வாட்டத்தைக் கூட்டு. 80க்கு 1 என்றால் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம். கதவுப் பக்கம் ஸ்டாஃப் 3 அடி 2 அங்குலம் காட்டினால், 10 அடி தள்ளி இருக்கும் தண்ணீர்ப் போக்கியில் 3 அடி மூன்றரை அங்குலம் வர வேண்டும். கீழே போகப் போக ஸ்டாஃப் அளவு கூடும். இதைத் தலைகீழாகப் பிடித்துக் கதவுப் பக்கம் தண்ணீர் தேங்கும் அறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவே ஒவ்வொரு 4 அடிக்கும் சாந்தில் ஒரு பொட்டு வைத்து, மட்டப்பலகையை அதன் மேல் இழுக்கச் சொல்.

ஆகஸ்ட் 4

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தம்பியின் மனைக்கு முன்னால் தெரு மின்கம்பி தாழ்வாக ஓடுகிறது, படத்தில் பார்த்தேன். அலுமினிய ஸ்டாஃபை முழுவதும் நீட்டினால் 5 மீட்டர், 16 அடிக்கு மேல். டிடெக்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி பின்வாங்கி நடப்பவன் மேலே பார்க்க மாட்டான். லேசர் ஒளியைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

கம்பி ஓடும் பக்கம் ஸ்டாஃபை நீட்டவே வேண்டாம். ஃபைபர் ஸ்டாஃப் கிடைத்தால் வாங்கு, ஆனால் அதையும் கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தாதே. மரச்சட்டம் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். மழையில் ஊறிய மரத்திலும் மின்சாரம் பாயும். அந்தப் பக்கத்து மூலைக்கு, டிடெக்டரைக் கையில் பிடித்து ஒளி நிற்கும் உயரத்தில் தூணில் கோடு போட்டுக்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி டேப் பிடித்து அளந்துகொள். ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும்போது மடக்கி, படுக்கை வாட்டமாகப் பிடித்துத்தான் நடக்க வேண்டும் என்று ஸ்டாஃப் பிடிக்கும் பையனிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடு.